ஆள் சேரும்வரை பதுங்கும் கிருமிகள்

சென்னையில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலிருந்து எடுத்த மாதிரிகள் அன்றாடம் வந்துகொண்டிருக்கும். அவற்றில் சில, மறுநாளே கிருமி வளர்க்கும் தட்டு முழுக்க நீலப்பச்சை நிறத்தைக் கசியவிட்டு, மூடியைத் திறந்ததும் திராட்சை வாசனை வீசும். தட்டை முகரக் கூடாதென்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நாங்கள்தான். ஆனாலும் அந்த வாசனை சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவைக் காட்டிக்கொடுத்துவிடும். நிறத்துக்குக் காரணமான பயோசயனின் வெறும் சாயமன்று. நம் செல்களைச் சிதைக்கும் நஞ்சும்கூட.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இந்தப் பாக்டீரியா நஞ்சைப் பெரிதாகத் தயாரிப்பதில்லை. ஒவ்வொரு செல்லும் ஹோமோசெரின் லாக்டோன் வகைச் சிறு மூலக்கூறுகளைச் சைகையாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் பெருகி, அவற்றின் செறிவு ஒரு வரம்பை எட்டியதும், அவை செல்லுக்குள் லாஸ்ஆர் போன்ற புரதங்களுடன் இணைந்து, திசுவை அரிக்கும் எலாஸ்டேஸ் உள்ளிட்ட பலவற்றின் ஜீன்களை முடுக்கிவிடுகின்றன. நாலைந்து கிருமிகள் மட்டும் நஞ்சைக் கக்கினால் நோயெதிர்ப்புச் செல்கள் சுதாரித்துத் தீர்த்துக்கட்டிவிடும் என்பதால், ஆள் சேரும்வரை பதுங்கியிருப்பதே அவற்றுக்கு லாபம். ஒளிரும் கடல் பாக்டீரியாக்களில் இந்த உத்தியை நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970இல் விவரித்தார்கள். இதற்குக் கோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல்தான் வந்தது.

அப்படியானால் கிருமிகளின் இந்தச் சைகைப் பேச்சை நிறுத்தினால் நோய் தணிந்துவிடுமே என்று தோன்றும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காலராக் கிருமியில் கூட்டம் பெருகியதும் ஹேப்ஆர் என்ற புரதம் நஞ்சு உற்பத்தியையும், கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு உருவாக்கும் உயிர்ப்படலத்தையும் அடக்கிவிடுகிறது; குடலை விட்டு வெளியேறி வேறிடம் தேடுவதற்கான ஆயத்தம் அது என்று கருதப்படுகிறது. அங்கே போய்ச் சைகையைத் தடுத்தால் நமக்கே வினையாகிவிடும். சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இன்னும் சிக்கலானது. அதன் கோரம் சென்சிங் அமைப்பான ஏஜிஆர், ஒட்டிக்கொள்ளும் புரதங்களைக் குறைத்து நஞ்சுகளைப் பெருக்குவதால், அதை முடக்கினால் கடும் திசு அழிவு தணியலாம். ஆனால் உடலுக்குள் செருகும் குழாயான கதீட்டர் போன்றவற்றின்மீது படலம் தடித்துவிடவும் கூடும். நாள்பட்ட ரத்தத் தொற்றுகளில் ஏஜிஆர் செயலிழந்த வகைகள் கிடைப்பதும் இதனோடு பொருந்துகிறது.

ஆகவே, ஒரு புண்ணில் கிருமி பாயும் நிலையில் இருக்கிறதா, ஒட்டிக்கிடக்கும் நிலையில் இருக்கிறதா என்பது தெரியாமல் சைகைத் தடுப்பு மருந்தைக் கொடுப்பது சூதாட்டம். எங்கள் வழக்கமான கல்ச்சர் ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை. எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் என்பதோடு அது முடிந்துவிடுகிறது.