களை என்று நினைத்து நான் பிடுங்கப் போன கன்று

பிடுங்குவதற்காகக் கையை வைத்துவிட்டேன். பக்கத்தில் குந்தியிருந்த உள்ளூர் அம்மா ஒருவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பேசியது கிரியோல் மொழி, எனக்கு அதில் நாலு வார்த்தைதான் தெரியும், ஆனால் அந்தப் பிடியின் அர்த்தம் புரிந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி, அதில் புல் மாதிரி நீளமாக, ஒரு விரல் அகலம்கூட இல்லாத இலைகள். நிறமும் பச்சை இல்லை, காய்ந்துபோனது போல ஒரு கருஞ்சிவப்பு, நடுநரம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு. யாராக இருந்தாலும் செத்துப்போன செடி என்றுதான் நினைப்பார்கள். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி, பின்னால் நின்ற மரத்தைக் காட்டினார். தடித்த, அகன்ற, பளபளப்பான பச்சை இலைகள். இதுவும் அதுவும் ஒரே மரம், அது தாய், இது பிள்ளை என்று கையாலேயே சொல்லிவிட்டார். புவா தொலீவ் என்று அங்கே பெயர்.

இது நடந்தது ரொட்ரிக்ஸ் தீவில். மொரீஷியசுக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் தனியாகக் கிடக்கிற எரிமலைத் தீவு. மொத்தம் 108 சதுர கிலோமீட்டர்தான். மொரீஷியசைச் சேர்ந்தது, 2002 முதல் தன்னாட்சிப் பகுதி. சில நாள் தங்கப் போயிருந்த நான், கிராந்த் மொந்தாஞ் காப்புக்காட்டில் களை பறிக்க ஒரு காலை சேர்ந்துகொண்டேன். செடி வளர்ப்பதில் எனக்குப் பல வருஷப் பழக்கம் உண்டு, அதனால் எனக்குத் தெரியும் என்ற தைரியம். அந்தத் தைரியத்தில்தான் தப்பான குச்சியில் கையை வைத்தேன். அந்தக் கன்று போயிருந்தால் அது என் தப்பு, இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஏன் அந்த இலை அப்படி இருக்கிறது என்று கேட்டால் கதை 300 வருஷம் பின்னால் போகிறது. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த பிரான்சுவா லெகா என்பவர் சில கூட்டாளிகளோடு 1691இல் இந்தத் தீவில் இறங்கி இரண்டு வருஷம் இருந்தார். அப்போது அங்கே ராட்சத ஆமைகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. தரையில் கால் படாமல் அவற்றின் முதுகு மேலேயே நூறு தப்படிக்கு மேல் நடக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆமைகளின் வாய்க்குத் தப்பத்தான் இளங்கன்றுகள் இப்படி வேஷம் போடுகின்றன என்பது தாவரவியல் ஆட்கள் பலருடைய கருத்து. ஆமையின் கழுத்து எட்டும் உயரம் வரை காய்ந்த சருகு போல ஓர் இலை, அதைத் தாண்டி வளர்ந்தபின் நிஜ இலை. இந்தத் தீவின் பல செடிகளில் இந்தப் பழக்கம் உண்டு.

அப்புறம் கப்பல்கள் வந்தன. ஆமைகளை உயிரோடு ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள், கறிக்காக. 1800 வாக்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆமை போய் 200 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கன்று இன்னும் ஆமைக்குப் பயந்து இலையை ஒளித்துக்கொண்டிருக்கிறது. ஆமைக்குப் பதில் வந்து சேர்ந்த ஆடும் மாடும் இந்த வேஷத்தைப் பார்த்து ஏமாறவில்லை. விவசாயத்துக்கும் விறகுக்கும் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள். வெறுமையான இடத்தில் வெளியூர்ச் செடிகள் ஏறிக்கொண்டன: ஜம்ரோசா என்கிற நாவல் குடும்பத்து மரம், சின்னச் சின்னச் சிவப்புப் பழம் காய்க்கிற சீனக் கொய்யா, உண்ணிச்செடி, சவுண்டல்.

கொய்யாக் கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால்தான் இது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். கையளவு இடத்தில் பத்துப் பதினைந்து முளைத்திருக்கும், பாய் விரித்தது போல. சின்னதாக இருக்கும்போது சுலபமாக வரும். ஒரு சாண் தாண்டிவிட்டால் வேர் கல்லுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும், கீழே மிச்சமிருக்கிற துண்டு மறுபடி துளிர்க்கும். அதனால் விரலை மண்ணுக்குள் விட்டு, வேரின் கழுத்தைப் பிடித்து, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். நடுவில் நல்ல கன்று இருந்தால் அதன் வேர் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரத்தில் நான் சுத்தம் செய்தது ஓர் அறை அளவு இடம்.

சரி, இந்தத் தீவைப் பற்றி எழுதிவிட்டு அந்தக் காப்பிச் செடியைச் சொல்லாமல் விட முடியாது. காஃபே மரோன், அதாவது காட்டுக் காப்பி. நாம் குடிக்கிற காப்பியின் குடும்பம், வெள்ளையாக நட்சத்திரம் போலப் பூக்கும், உலகத்திலேயே ரொட்ரிக்ஸில் மட்டும்தான் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பார்த்துப் பதிவு செய்தார்கள், அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். 1980 வாக்கில் ஓர் ஆசிரியர் உள்ளூர்ச் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்த, ஒரு மாணவன் வழியில் பார்த்த செடியின் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து காட்டினான். அது அதுதான். சாலையோரம், ஆடு கடித்த, பூச்சி அரித்த ஒரே ஒரு செடி.

கண்டுபிடித்தது தெரிந்ததும் அதற்கு ஆபத்து கூடியது. மது குடித்த மறுநாள் வரும் தலைவலிக்கும் பால்வினை நோய்க்கும் அது மருந்து என்று அங்கே ஒரு நம்பிக்கை. இலையும் கிளையும் பட்டையும் தேடி ஆட்கள் வந்தார்கள். வேலி போட்டார்கள், போதவில்லை, மேலும் மேலும் வேலி போட்டார்கள். நிறைய பேர் இதைச் சொல்லும்போது உள்ளூர் மக்களைத் திட்டுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பாட்டி காலத்து மருந்துச் செடி ஒன்று திரும்பக் கிடைத்தது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அத்தனை வேலி போட்டு அதை முக்கியமாக்கினால் ஆசை இன்னும் கூடத்தான் செய்யும். இன்று அந்தத் தீவில் களை பறிப்பவர்களும் நாற்றங்காலில் பை நிரப்புபவர்களும் அதே மக்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1986இல் சில போத்துகளை வெட்டி லண்டனில் இருக்கிற கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். செம்பருத்திப் போத்து பத்து நட்டு இரண்டு பிழைத்தால் சந்தோஷப்படுகிற ஆள் நான், உலகத்தின் கடைசிச் செடியிலிருந்து வெட்டிய போத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்று வேர் பிடித்தது. அதிலிருந்து இன்னும் சில செடிகள் எடுத்தார்கள். எல்லாம் நன்றாகப் பூத்தன, ஒன்றுகூடக் காய்க்கவில்லை. விதை இல்லாமல் போத்தாகவே பெருக்கினால் எத்தனை தொட்டி வைத்தாலும் அது ஒரே செடிதான். மலட்டுச் செடி என்று பலரும் நினைத்திருந்தபோது கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் விடாமல் முயன்றார். மகரந்தம் சூல்முடியில், அதாவது பூவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பகுதியில், விழுந்தும் உள்ளே இறங்கவில்லை என்று பார்த்து, சூல்முடியின் நுனியைக் கத்தியால் வெட்டிவிட்டு அந்த வெட்டின் மேல் நேராக மகரந்தத்தை வைத்தார். கிட்டத்தட்ட 200 பூக்களில் செய்து பார்த்த பிறகு, 2003இல், காய் பிடித்தது. விதை முளைத்தது, தீவுக்கும் திரும்பிப் போனது.

பலர் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள், காப்பாற்றியாயிற்று என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த விதைகள் எல்லாவற்றுக்கும் அம்மாவும் அப்பாவும் அதே ஒற்றைச் செடிதான். ஒரு நோய் வந்தால் தாக்குப்பிடிக்க வேறு ரத்தம் அதில் இல்லை. அதுவும் போக, தொட்டியில் வாழ்வது வேறு, காட்டில் வாழ்வது வேறு. ஸ்பிண்டில் பனை என்று ஒன்று உண்டு, நடுவில் பருத்து மேலே சிறுத்த தண்டோடு, பல வெப்ப நாடுகளில் ஓட்டல் வாசலிலும் பூங்காவிலும் அழகுக்கு வைத்திருப்பார்கள், நீங்களே பார்த்திருக்கலாம். அதன் சொந்த ஊர் ரொட்ரிக்ஸ். நாற்றுப் பண்ணைகளில் வேண்டிய அளவு கிடைக்கிறது, ஆனால் அதன் சொந்தக் காட்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

அதனால்தான் அந்தக் களை பறிப்பு எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மொரீஷியன் வனவிலங்கு அறக்கட்டளை அங்கே வருஷக்கணக்காக நாற்று வளர்த்து, நட்டு, களையெடுத்து வருகிறது. ஒரு செடிக்கு அதன் கூட்டமும் திரும்ப வேண்டும். ரொட்ரிக்ஸ் பழந்தின்னி வௌவால்கள் 1970களில் நூற்றுக்கும் குறைவாகப் போயிருந்தன, இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு போவதும் பழம் தின்று விதை போடுவதும் அவைதான். தீவின் தென்மேற்கில் 2007இல் திறந்த ஆமைக் காப்பகத்தில் உள்நாட்டுச் செடிகளை ஒரு லட்சத்துக்கும் மேல் நட்டு, பழைய ஆமைகளின் இடத்தில் அல்டாப்ரா ராட்சத ஆமைகளை விட்டிருக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டாக யாருக்காகவோ வேஷம் போட்டு நின்ற கன்றுகள் பக்கத்தில் மறுபடியும் ஓர் ஆமை நடக்கிறது.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா என் செருப்பைக் கழற்றச் சொன்னார். அடியில் அப்பியிருந்த ஈர மண்ணைக் குச்சியால் சுரண்டி ஒரு பையில் போட்டார். அதில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக மூன்று விதைகள். கொய்யா. நான் பிடுங்கிய அதே இடத்திலிருந்து மிதித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, திரும்ப வாங்கிப் பையின் வாயை முடிச்சுப் போட்டார்.