இந்தியாவில் தத்தெடுத்து மலேசியாவுக்கு அழைத்து வருவது: சுங்கை சிப்புட்டிலிருந்து நடந்து பார்த்த வழி

எங்கள் ஊர்ப்பக்கம் தத்தெடுக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது திருச்சி டிக்கெட் விலையை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பிள்ளை மலேசியாவில் எந்த அனுமதியில் தங்கும், எப்போது குடியுரிமை கிடைக்கும்? இந்திய வேலை என்றாவது முடிந்துவிடும். இங்குள்ள வேலை வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் தொடக்கம் நம் குவாலா கங்சார் மாவட்டச் சமூகநல இலாகாவிலும் ஈப்போ குடிநுழைவு அலுவலகத்திலும்தான்.

இந்தியாவில் எல்லாமே 'காரா' எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் வழியாகத்தான் நடக்கும். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு 1993ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தை ஒட்டி அமைந்தது. அதில் இந்தியா உறுப்பினர், மலேசியா இல்லை. காரா கடிதம் எழுதினால் பதில் சொல்ல இங்கே அதற்கு இணையான ஆணையம் கிடையாது. நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்து இங்கே வேலை செய்பவரா, ஓசிஐ அட்டைக்காரரா (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை), வெறும் மலேசியக் குடிமகனா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். காராவிடமிருந்தும் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்திடமிருந்தும் எழுத்தில் பதில் வாங்குங்கள். யாரோ ஒரு முகவர் "எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வந்தால் போதும்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். முறை தவறிக் குழந்தையைத் தத்து எடுத்தாலோ கொடுத்தாலோ இந்தியச் சிறார் நீதிச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

சொந்தத்தில் பிள்ளை எடுப்பவர்கள் இடறுவது இங்கேதான். கூடப்பிறந்தவரின் பிள்ளை என்றால் சட்டம் அதை உறவு என்று ஏற்கும். சித்தப்பா மகனின் பிள்ளை நமக்குச் சொந்தப் பிள்ளை மாதிரிதான், ஆனால் சட்டத்தின் கணக்கில் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டால் போதும் என்று நம்பிப் போனவர்கள், காராவின் தடையின்மைச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையை நாட்டைவிட்டுக் கூட்டி வர முடியாமல் நிற்கிறார்கள்.

வயதுக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி இருவர் வயதும் சேர்ந்து 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, எட்டு வயது வரை 100. பதிவு செய்த நாளில் உள்ள வயதுதான் கணக்கு. திருமணமாகி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். 44 வயதுக் கணவரும் 42 வயது மனைவியும் கைக்குழந்தைக்கு மனுப் போட முடியாது. தொட்டிலும் பால்புட்டியும் வாங்கி வைத்தவர்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கு மனசைத் தயார் செய்ய வேண்டிவரும். இதைப் பதிவுக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். குழந்தையின் விவரம் வந்த பிறகு முடிவெடுக்க மணிக்கணக்கில்தான் அவகாசம். அந்த நேரத்தில் சண்டை வரக் கூடாது.

தாள்களில் அதிகம் சிக்குவது பெயர். நம் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்று இருக்கும், இந்தியப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். தாத்தா காலத்துத் தோட்டக் கிராணி (எழுத்தர்) எழுதிய எழுத்தும் கல்யாணச் சான்றிதழ் எழுத்தும் ஒத்துவராது. ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். மலாய்த் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பிறகு விஸ்மா புத்ரா எனப்படும் மலேசிய வெளியுறவு அமைச்சின் முத்திரை, அதற்கு மேல் இந்தியத் தூதரக முத்திரை. நன்னடத்தைச் சான்றிதழும் விஸ்மா புத்ராவில்தான். தோட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் நிர்வாகத்திடம் குடியிருப்புக் கடிதமும், சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (சேமநிதி) கணக்கு அறிக்கையும் வாங்கி வையுங்கள்.

மருத்துவ அறிக்கை வந்ததும் இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பிறந்த எடை, இப்போதைய எடை, தலைச் சுற்றளவு, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி பரிசோதனை ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். குழந்தையை வாங்கும்போது எந்தப் பால் மாவு, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்று இல்லத்து ஆயாவிடம் எழுதி வாங்கி, அதே மாவில் சில டின் கொண்டு வந்து மெதுவாக மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிறு கெடும். அந்தக் குழந்தை படுத்த துணியையும் துவைக்காமல் கொண்டு வாருங்கள். புது வீடு, புது முகம், புது மொழி என்று எல்லாம் மாறும்போது பழகிய வாசனை ஒன்றாவது கூட இருக்கட்டும்.

தத்து உத்தரவை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர்தான் பிறப்பிக்கிறார். உத்தரவு, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சட்டத் தடையில்லை என்று குழந்தைகள் நலக் குழு தந்த விடுவிப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை இவற்றை இந்திய வெளியுறவு அமைச்சிலும் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலும் சான்றளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஊர் திரும்பிய பிறகு இதைச் செய்வது பெரும்பாடு.

இங்கே வந்ததும் வேலை மறுபடி தொடங்கும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952 தத்தெடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 257. மனுதாரரும் பிள்ளையும் தீபகற்ப மலேசியாவில் வசிக்க வேண்டும், பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும், சமூகநல அதிகாரிக்கும் மூன்று மாதம் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். அதனால்தான் தங்கும் அனுமதியை முதலில் பேசச் சொன்னோம். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். பதிவு இலாகா வழியாகச் செய்யும் சட்டம் 253க்கு இரண்டு ஆண்டுப் பராமரிப்பு வேண்டும். அதில் சொத்துரிமை தானாக வராது, ஆகவே நீதிமன்ற வழியையே எடுங்கள்.

நீதிமன்ற உத்தரவு கிடைத்தாலும் பிள்ளை குடிமகனாகிவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரும்வரை தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், ஒருநாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள்.

விடுப்பு விஷயமும் இருக்கிறது. வேலைச் சட்டத்தின் 98 நாள் பிரசவ விடுப்பு தத்தெடுப்புக்குக் கிடையாது. ஆண்டு விடுப்பைச் சேர்த்து வையுங்கள், முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், தடுப்பூசி அட்டையைக் காட்டி விடுபட்டதைப் போடச் சொல்லுங்கள். இங்கே எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போடுகிறார்கள், இந்திய அட்டவணை வேறு.

காரா கேட்கும் பின்தொடர் அறிக்கைகள் இரண்டு ஆண்டுகளுக்கு: முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று. தேதிகளை வீட்டு நாள்காட்டியில் இப்போதே குறித்து, ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு நகலை நீதிமன்றத் தாள்களோடு அதே கோப்பில் வையுங்கள்.