காட்டுக்குப் போக ஆமிப் பை வேணுமோ?

கனடாவுக்கு வந்த எங்கட ஆக்களுக்கு முதல் கொஞ்ச வருசம் வேலை, வாடகை, பனி எண்டே ஓடிடும், பிறகு ஒரு கோடையில வேலையிடத்தில ஆரோ ஒருத்தன் காம்பிங் போவமோ எண்டு கேப்பான், அண்டைக்குத்தான் தெரியும் வீட்டில சூட்கேஸ் அடுக்கடுக்கா கிடக்கு ஆனா முதுகில போட்டுக்கொண்டு நடக்க ஒரு உருப்படியான பை இல்லை எண்டு. ஸ்காபரோவில இருக்கிற ஆக்களுக்கு ரூஜ் பார்க் பக்கத்திலயே கிடக்கு, அங்க ரெண்டு மணித்தியாலம் நடக்க பிள்ளையின்ர ஸ்கூல் பாக்கே காணும். அல்கொன்குவின் எண்ட பெரிய காட்டுப் பார்க்குக்கு ஓரிரவு தங்கப் போறது, புரூஸ் ட்ரெயில் எண்ட நீண்ட நடைபாதையில ஒரு நாள் முழுக்கக் கல்லுக்குள்ள ஏறி இறங்கி நடக்கிறது, அதுகளுக்குத்தான் பை பாத்து வாங்கவேணும்.

எங்கட பெடியளுக்கு உடன கண்ணில படுறது அந்த டாக்டிகல் எண்டு போட்டு விக்கிற ஆமி மொடல் பைதான். வெளியில முழுக்க நாடா நாடாவா தைச்சிருக்கும், அதுக்குப் பேர் மொல்லி, அமெரிக்க ஆமி 1997இல கொண்டுவந்த முறை. ஒரு இஞ்சி அகல நாடா, ஒரு இஞ்சி இடைவெளி, அதுக்குள்ள கோர்த்துக் கோர்த்து தண்ணிப் போத்தல் உறை, மருந்துப் பை எண்டு எதையும் வெளியால மாட்டலாம். யோசனை நல்லதுதான். ஆனா சிப்பாய் மாட்டுறதுக்கு அவனிட்ட பத்துச் சாமான் இருக்கு, எங்களிட்ட நுளம்பு மருந்தும் ஒரு டோர்ச்சும். மிச்ச நாடா எல்லாம் சும்மா பாரம், மழையில நனைஞ்சால் தண்ணியும் குடிக்கும், ஒடுக்கமான பாதையில மரக்கொப்பும் கொழுவும்.

நான் பை வாங்கப்போறன் எண்டு படம் அனுப்ப அம்மா உடன போன் எடுத்திட்டா. "உதென்னடா ஆமிக்காரன்ர பை, அந்த நிறம் வேண்டாம், வேற நிறம் பார்" எண்டா. சண்டைக் காலத்தில ஓமந்தைச் சோதனைச்சாவடியில இறங்கி ஆமிக்குப் பையைக் கொட்டிக் காட்டிப்போட்டு திரும்ப அடுக்கின சனம், அவைக்கு அந்தப் பச்சையும் மண்ணிறமும் கலந்த துணி எண்டால் இப்பவும் வயித்தைக் கலக்கும். இஞ்ச அதை ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம், பள்ளிக்கூடப் பிள்ளையளே போட்டுக்கொண்டு திரியினம், ஆனா அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தி வெல்லேலாது, நான் வெல்லவும் பாக்கேல்ல. சாம்பல் நிறம் எடுத்தன்.

நிறத்தில இஞ்சத்தைய காரணமும் இருக்கு கண்டியளோ. ஒன்டாரியோவில இலையுதிர் காலத்தில மான், மூஸ் எண்ட பெரிய மான் வேட்டை நடக்கும், துவக்கு சீசனில வேட்டைக்காரரே குறைஞ்சது 400 சதுர இஞ்சிக்கு பளிச்செண்ட செம்மஞ்சள் உடுப்பும் அதே நிறத் தொப்பியும் போடவேணும் எண்டு சட்டம். அவங்களே தங்களைக் காட்டிக்கொண்டு நிக்கேக்க நாங்கள் பொது நிலக் காட்டுக்குள்ள மரத்தோட மரமா போறது என்ன கெட்டித்தனம்? ஆமிப் பை கையில ஏற்கெனவே இருந்தால் செம்மஞ்சள் மழையுறை ஒண்டை மேலால போட்டுக்கொண்டு போங்கோ. வெளிர் நிறமெண்டால் உண்ணி ஊர்ந்தாலும் தெரியும், லைம் நோய் பரப்புற கறுப்புக்கால் உண்ணி ரூஜிலயும் இருக்கு.

இனி துணி. பையில 500, 1000 எண்டு போட்டிருக்கிறது டெனியர், 9000 மீற்றர் நூல் எத்தினை கிராம் எண்டுற கணக்கு. 1000 எண்டால் அவ்வளவு நீள நூல் ஒரு கிலோ. என்ர சிநேகிதன் ஒருத்தன் 1000 டெனியர் கோர்டுரா எண்ட தடிச்ச துணிக்குக் குறைஞ்சதைத் தொடவும்மாட்டன் எண்டு நிக்கிறான், சரி, அது ஒரு தலைமுறைக்கு நிக்கும், ஆனா ஓரிரவு காட்டுக்குள்ள நிண்டிட்டு வாறதுக்கு 500 நைலோன் தாராளம். மலிவா விக்கிறதில 600 டெனியர் எண்டு பெரிசா போட்டிருப்பாங்கள், பாத்தால் அது பொலியெஸ்டர், அதே தடிப்பில நைலோன் உரசலை இன்னும் நல்லாத் தாங்கும். இலக்கத்தை மட்டும் பாக்காதேங்கோ. உண்மையில துணிக்கு முதல் போறது சிப்பும் தோள்பட்டி தைச்ச இடமும்தான், சிப்பில வைகேகே எண்ட நல்ல சிப் கொம்பனியின்ர பேர் இருக்கோ பாருங்கோ, தோள்பட்டி அடியில நூல் குறுக்குமறுக்கா தைச்சிருக்கோ எண்டு விரலை விட்டு இழுத்துப் பாருங்கோ, கடைக்காரன் முறைச்சால் முறைக்கட்டும்.

எல்லாத்துக்கும் மேல இடுப்புப்பட்டி. இதைத்தான் நான் ஆக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுறது. பாரம் தோளில இல்லை, இடுப்பெலும்பில இறங்கவேணும். மூண்டு நாள் பை எண்டு விக்கிற கன டாக்டிகல் பையில இடுப்புக்கு பஞ்சு இல்லாத ஒரு வெறும் நாடாதான் இருக்கும், உள்ளுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். 40 லீட்டர் அளவில அந்த மாதிரிப் பை வெறுமையாவே ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், நடைக்கெண்டு செய்த பை அதிலும் குறைய நிறையில நல்ல இடுப்புப்பட்டியோட கிடைக்கும். ஓரிரவுக்கு உடம்பு நிறையில அஞ்சில ஒரு பங்குக்கு மேல தூக்கக்கூடாது எண்டுவினம், 70 கிலோ ஆளுக்கு 14. டென்ட், ஸ்லீப்பிங் பாக், ரெண்டு லீட்டர் தண்ணி, சாப்பாடு எண்டு அது எப்பிடி நிறையுது எண்டே தெரியாது. முதுகின்ர நீளமும் அளவுங்கோ, தலையைக் குனிய பிடரியில தள்ளுற எலும்பில இருந்து இடுப்பெலும்பு மேல்விளிம்பு மட்டத்துக்கு, ஏனெண்டால் ஒரே சைஸ் எல்லாருக்கும் எண்டு விக்கிற பை உயரம் குறைஞ்ச எங்கட பொம்பிளையளுக்கு இடுப்புக்குக் கீழ தொங்கும்.

ஆமிப் பையில எனக்குப் பிடிச்சது ஒண்டு இருக்கு, சூட்கேஸ் மாதிரி முழுக்கத் திறக்கும். இருட்டில டென்டுக்குள்ள இருந்துகொண்டு சொக்ஸ் தேடுறவனுக்குத்தான் அதின்ர அருமை தெரியும். அடியில தண்ணி வழிய ஓட்டையும் வைச்சிருப்பாங்கள். அதுக்காக மழை உள்ளுக்கு வராது எண்டு நம்பாதேங்கோ, தையலாலயும் சிப்பாலயும் வரும், தடிச்ச குப்பைப் பை ஒண்டை உள்ளுக்கு விரிச்சு அதுக்குள்ள உடுப்பை வையுங்கோ.

சாப்பாட்டு விசயத்தில ஒண்டு, அல்கொன்குவின் உள்காட்டுக்கு தகரப்பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகக்கூடாது. அதால எங்கட ரின்மீன் கறி கனவு அவ்வளவுதான். ரொட்டியும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு போங்கோ, கருவாடு மட்டும் தயவுசெய்து வேண்டாம், அங்க கறுப்புக் கரடி இருக்கு, மணக்கிற எல்லாத்தையும் தனிப்பையில போட்டு இரவில டென்டுக்குத் தூரமா மரத்தில கட்டித் தூக்கவேணும். மெயின் பைக்குள்ள சம்பல் ஊத்துப்பட்டால் அந்த மணம் லேசில போகாது.

கடையில வெறும் பையைப் போட்டு கண்ணாடியில பாத்து வாங்காதேங்கோ, ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையை உள்ளுக்கு வைச்சு வீட்டுப் படியில கொஞ்சநேரம் ஏறி இறங்குங்கோ, ரசீதையும் எறியாதேங்கோ. அதிலும் நல்லது முதல்தரம் ஆரிட்டயாவது இரவல் வாங்கிக்கொண்டு போறது. என்ர பை ஜூலை லோங் வீக்கெண்டுக்கு மச்சானுக்குக் குடுத்தாச்சு, அதுக்குப் பிறகெண்டால் கேளுங்கோ.