வா... வா... வராதே!

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே பர்மாவில், மோல்மேன் ஊர்க் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றில்கூட நான் ஏன் சிரிக்கவில்லை என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதுகு வலி, வேறொன்றுமில்லை. ஆனால் அந்த முதுகு வலியின் கதையைப் பெரிய மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரிய மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் 20 வருஷமாக எங்கள் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். 1970-இல் ஜெனரல் நே வின்னின் ராணுவ அரசாங்கம் ஒரே நாளில் நாட்டின் சாலைப் போக்குவரத்தையே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஜோசியர் சொல்லித்தான் மாற்றினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த ஜோசியர் ஸ்டியரிங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய வண்டிகளில் அது வலப்பக்கமே இருந்துவிட்டது. ஆகவே ஓட்டுகிறவன் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து எருமைகளைப் பார்த்துக்கொண்டு போவான். முன்னால் ஊர்கிற லாரியைத் தாண்ட வேண்டுமானால் இடப்பக்கத்து ஆள்தான் எட்டிப் பார்த்து உத்தரவு கொடுக்க வேண்டும். அந்த உத்தியோகம் மாமாவுக்கு. "வா... வா..." என்றால் போகலாம். சிக்கல் என்னவென்றால், "வராதே"யும் அவர் வாயில் "வா..." என்றுதான் தொடங்கும். மிச்ச எழுத்து வந்து சேருவதற்குள் எதிரே பஸ் வந்து சேர்ந்துவிடும். என் காதோரத்து நரைக்கு வயசு காரணமில்லை.

வண்டியில் ஆறு பேர். டிக்கியில் சீர்த்தட்டு, முறுக்கு டின், அம்மாவின் இட்லிக் குண்டான் (மோல்மேனில் இட்லிக் குண்டான் கிடையாதாம்), எல்லாவற்றுக்கும் மேலே மணை. மாமாவின் கல்யாணத்துக்குச் செய்த பர்மா தேக்கு மணை. அப்புறம் எங்கள் வீட்டில் யார் தாலி கட்டினாலும் அதில் உட்கார்ந்துதான். என்னுடையதும் அப்படித்தான். அத்தை போய் நாலு வருஷமாகிறது. மாமா இன்னும் அதைத் தன் கட்டிலுக்கடியில்தான் வைத்திருக்கிறார்.

கிளம்பும்போது அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பீலிக்கான் முனீஸ்வரன் கோயில் விபூதியை ஸ்டியரிங்கில் பூசினாள். காத்து பார்க்க வேண்டியது என் வேலை. இத்தனை பாரத்துக்கு டயரில் காத்து போதுமா என்று டயர் சூடாவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். நான் எலுமிச்சம்பழத்தை நம்பிவிட்டேன்.

வாவ் என்கிற ஊரைத் தாண்டி, சித்தவுங் ஆற்றுப் பாலம் இன்னும் வரவில்லை. ஆவணித் தூறல். முள் எண்பதில் இருந்தது. (வண்டி கிலோமீட்டரில் ஓடும், ரோடு மைலில் கிடக்கும், அதை இன்னொரு நாள் புலம்புகிறேன்.) பின்னால் படார் என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் கரகம் ஆடத் தொடங்கியது. மனைவி "பிரேக்!" என்றாள். அம்மா "முனீஸ்வரா!" என்றாள். பிள்ளைகள் கைதட்டின. மாமா பதற்றத்தில் தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைச் சொன்னார்: "வா... வா... வராதே!"

"கொஞ்சம் வாயை மூடுங்க மாமா!"

நான்தான் சொன்னேன். 20 வருஷத்தில் முதல் தடவை.

டயர் வெடித்தால் பிரேக்கில் பாயக் கூடாது. பாய்ந்தால் பின்பக்கம் முன்னால் வந்து நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானாகக் களைத்துப்போகிறவரை விட வேண்டும். அப்படித்தான் செய்தேன் என்று கல்யாண வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கால் பிரேக்கைத் தேடித்தான் போனது. ரப்பர் செருப்பு கால்மிதியில் மாட்டிக்கொண்டது. போய்ச் சேருவதற்குள் புத்தி வந்துவிட்டது.

வெடித்தது பின்பக்கத்து இடது டயர். அங்கேயே நிறுத்தினால் லாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்த வேண்டும். ரிம் போனால் போகட்டும் என்று விளக்கை மின்ன விட்டு, ஓரமாக நத்தைபோல் உருட்டினேன். கொஞ்ச தூரத்தில் பகோடாவுக்கு நன்கொடை வாங்குகிற பந்தல். ஒலிபெருக்கி, கொடி, வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்குகிற பெண்பிள்ளைகள். அகலமான இடம். நாங்கள் ஓரங்கட்டியதும் பெரிய புண்ணியவான்கள் வந்துவிட்டார்கள் என்று கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள். டயரைப் பார்த்ததும் கிண்ணத்தை இறக்கிவிட்டார்கள். நான் இறங்கினால் நெல்வயல். மாமா இறங்கினால் நெடுஞ்சாலை. அவர் கதவைத் திறக்கவும் ஒரு பஸ் உரசுகிற மாதிரி போகவும் சரியாக இருந்தது. அதற்கப்புறம் பையன்கள் இரண்டு பேர் எங்களுக்குப் பின்னால் தூரமாகப் போய் நின்று கொடியை ஆட்டி லாரிகளை மெதுவாக்கினார்கள். ரங்கூன் குடும்பம் ஒன்றின் டயர் வெடித்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில். ஆக சீர்த்தட்டெல்லாம் ரோட்டோரம் வரிசையாக இறங்கியது. ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திக்கொண்டேன். தூக்கிய பிறகு திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும். இதுவரை எல்லாம் சரி. ஜாக்கியை வைத்துச் சுற்றினால் வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. பொங்கலில் கரண்டி இறங்குவதுபோல மழைச் சேற்றில் இறங்கியது. ஒரு பலகை வேண்டும். சுற்றிலும் நெல்.

மாமா டிக்கி பக்கம் போனார். மணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, அது..." என்று அம்மா இழுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை. கோலம் போட்ட பக்கத்தைத் துண்டால் துடைத்து, அது கீழே போகும்படி திருப்பி, சேற்றில் தானே அமுக்கி வைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வண்டி ஏறிவிட்டது.

கழற்றிய டயரின் விலாவில் அச்சடித்த நாலு எண்: 1413. அதாவது 2013-இல் 14-ஆவது வாரம் பிறந்தது. என் மகளைவிட மூத்தது. "ஜப்பான் செகண்ட், புதுசு மாதிரி" என்று விற்றவரை நான் திட்டுவதற்குள், ஸ்டெப்னிக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்ததுதான் குற்றம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வெடித்தது ஸ்டெப்னி இல்லையே என்றால், "அதுக்குத்தாண்டா கோபம்" என்கிறாள். நட்டுகளைக் குறுக்குக்குக் குறுக்காக இறுக்கி, கிண்ணத்தில் 5000 கியாட் போட்டு, அதற்கும் ஒரு அறிவிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. மாமா வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து மைல் அந்த லாரியின் புகையைக் குடித்துக்கொண்டே போனோம். பின்சீட்டில் யாரும் மூச்சு விடவில்லை.

அப்புறம் மெதுவாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ம்... வா" என்றார்.

மறுபடி ஓரத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமினார். "மணையில ஜாக்கி வட்டமா பதிஞ்சிருக்குடா. யாராவது கேட்டா, உன் அத்தை உக்காந்த அடையாளம்னு சொல்லிடலாம்."