சீட்டு எங்கே நின்றது?

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் சிறிய வரி ஆலோசனை அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. செய்ய வேண்டியவை, கையில் இருப்பவை, பிறரிடம் நிற்பவை, முடிந்தவை என்று நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு வேலையையும் ஓர் ஒட்டுச்சீட்டில் எழுதி, வேலை நகர நகரச் சீட்டையும் இடமிருந்து வலமாக நகர்த்துகிறோம். இத்தகைய பலகைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டம் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். சனிக்கிழமை மாலையில் முடிந்த சீட்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் நின்றது என்று திரும்பிப் பார்ப்பதில்தான் பலகையின் முழுப் பயனும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இம்முறையின் வேர் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் இருக்கிறது. வாடிக்கையாளர் எடுத்துச் சென்ற அளவுக்கே அலமாரியை மீண்டும் நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் அங்கே அட்டை முறையைக் கொண்டுவந்தார்; அடுத்த பிரிவிலிருந்து அட்டை வராதவரை முந்தைய பிரிவு ஒரு பாகத்தையும் செய்யக் கூடாது. 2000க்குப் பிறகு மென்பொருள் குழுக்களும், அவர்களைப் பார்த்துத் தனியாள்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். தனியாளுக்கு விதி இரண்டுதான்: வேலை அனைத்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும் வேலைக்கு ஒரு வரம்பு வேண்டும்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குள் நுழைபவருக்கு வேலை எங்கே தேங்கியிருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எந்த டிரம்மின் முன்னால் தோல் குவிந்து கிடக்கிறதோ, அங்கேதான் தேக்கம். எங்கள் தொழிலில் அந்தக் குவியல் கணினிக் கோப்புறைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ஒளிந்துகொள்வதால், நாள் முழுதும் உழைத்தும் ஏன் எதுவும் முடியவில்லை என்பது உழைப்பவருக்கே விளங்குவதில்லை.

எங்கள் மாதத்தைத் தேதிகளே நடத்துகின்றன. பிறருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்துவைத்த வரியை (டிடிஎஸ்) 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 11ஆம் தேதி, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம். 20ஆம் தேதி, வரியைக் கட்டித் தரும் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி. காலாண்டுக் கணக்கு தருவோருக்குத் தமிழ்நாட்டில் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22ஆம் தேதி. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை ஜாப் வொர்க்காகத் தைத்துத் தருபவர், லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர், காட்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் என்று எல்லோருடைய கணக்கும் அந்தச் சில நாள்களுக்குள் வந்து விழுகிறது. அதனால் ஆள் போதவில்லை, நேரம் போதவில்லை என்றே இத்தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொள்வோம். சீட்டு நகரும்போதெல்லாம் அதன் பின்புறம் தேதி குறிக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தது வேறு. ஒரு கணக்கு எங்கள் கையில் இருப்பது சில மணி நேரம்தான். கொள்முதல் பில்லுக்காகவும், வங்கி ஸ்டேட்மென்டுக்காகவும், எல்லாம் முடிந்த பிறகு உரிமையாளரின் கைப்பேசிக்கு வரும் ஓடிபிக்காகவும் அது நிற்பதோ நாள்கணக்கில். அந்த ஓடிபிக்கு நாங்கள் அழைக்கும் நேரத்தில் அவர் கல்யாண மண்டபத்தில் இருப்பார், அல்லது சென்னைக்கு ரயில் ஏறியிருப்பார்.

இதைக் கண்ட பிறகு நாங்கள் வேகமாகத் தட்டச்சு செய்வதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டோம். பிறரிடம் நிற்கும் ஒவ்வொரு சீட்டிலும், யாரிடம் நிற்கிறது, அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்ற இரண்டையும் எழுதுகிறோம். பில்களை மாதம் பிறந்த முதல் சில நாள்களிலேயே கேட்கிறோம். ஓடிபிக்கு முந்தைய நாளே நேரம் குறித்துக்கொள்கிறோம். நினைவூட்டும் அழைப்புகளைக் காலையில் ஒரே அமர்வில் முடித்துவிடுவதால், மீதி நாள் துண்டுபடுவதில்லை.

வரம்பை ஏற்றுக்கொள்வதுதான் கடினம். ஐந்து கணக்கைத் தொட்டு வைத்தால் ஐந்தும் நகர்வதுபோல் மனத்துக்குத் தோன்றும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி இதற்கு விடை சொல்கிறது: ஓரளவு சீராக ஓடும் அமைப்பில், கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். நாளுக்கு 3 கணக்கு முடிக்கும் இடத்தில் 12 கணக்கு கையில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 4 நாள். கையில் இருப்பதை 6 ஆகக் குறைத்து, அதே வேகத்தில் முடித்தால் 2 நாள். 20ஆம் தேதி வரும் வாரத்தில் மட்டும் வரம்பைத் தளர்த்தலாமே என்று என் உதவியாளர் கேட்பதுண்டு. அந்த வாரத்துக்காகத்தான் அம்மா வரம்பே வைத்திருக்கிறோம் என்பேன். அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைப் பார்வைக்கு அரை மணி நேரம் போதும். அதிக நாள் நின்ற சில சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கே நின்றது, ஏன் நின்றது, அடுத்த வாரம் எந்த ஒன்றை மாற்றிப் பார்க்கலாம் என்று பேசுகிறோம். ஒன்றுக்கு மேல் மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. யார் தாமதித்தார் என்ற கேள்வியை எடுத்தால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும் என்பதால் அதை எடுப்பதில்லை.

ட்ரெல்லோ போன்ற செயலிகளிலும் இதைச் செய்யலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அதுவே பொருத்தம். ஆனால் செயலியை மூடிவிடலாம், சுவரை மூட முடியாது என்பதால் நான் பலகையோடு இருக்கிறேன். சுவருக்கும் ஒரு சங்கடம் உண்டு: அலுவலகத்துக்கு வருகிற வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்காரரின் பெயரை அதில் தேடுவார். ஆகவே சீட்டில் பெயருக்குப் பதில் கோப்பு எண்ணை மட்டுமே எழுதுகிறோம். தன் எண்ணைத் தெரிந்துவைத்திருக்கும் ஒருசிலர் மட்டும் உள்ளே வந்ததும் நேராகப் பலகையைப் பார்த்து, தங்கள் சீட்டு பிறரிடம் நிற்பவற்றில் இருந்தால், நாங்கள் கேட்பதற்கு முன்பே பில் கட்டை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார்கள்.