அந்த மழை எந்தத் தேதி மழை?

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணிக் கணக்கு: காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. தாமிரபரணிக் கரையில் இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கொட்டித் தீர்த்தது 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைதானே, பதிவேட்டில் ஏன் 18 என்று கேட்டால், ‘தப்பாப் போட்டிருப்பாங்க’ என்பதுதான் பலரின் பதில். தப்பு எதுவும் இல்லை. நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்த மழை இன்றைய தேதியில் ஏறும். இந்திய வழக்கம் அது. உலகத் தண்ணீர்க் கணக்கை நாடுகள் கூடி எழுதும்போது முதலில் இடறுவது இந்தத் தேதியில்தான்.

எட்டரை மணி யாரோ வசதிக்கு வைத்த நேரமும் அல்ல. உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில் எல்லா நாடுகளும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து, கிரீன்விச் 0, 3, 6, 9 என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானிலையைப் பதிகின்றன. கிரீன்விச் 3 மணி நமக்கு 8.30. செயற்கைக்கோள் மழைத் தொகுப்புகளோ கிரீன்விச் நள்ளிரவில் நாளைத் தொடங்கும். அது நமக்குக் காலை 5.30. ஆக, செயற்கைக்கோளின் ‘17ஆம் தேதி’க்கும் நம் பதிவேட்டின் ‘18ஆம் தேதி’க்கும் 21 மணி நேரம் பொது. 18ஐ 18ஓடு ஒட்டினால் பொதுவாக இருப்பது மூன்றே மணி நேரம். ‘செயற்கைக்கோள் நெல்லை மழையைக் கோட்டை விட்டது’ என்று யாராவது வரைபடம் போட்டால், முதலில் இதைப் பாருங்கள்.

சரியாக ஒப்பிட ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத் தொகுப்பின் நாள் கோப்பை விட்டுவிட்டு அரைமணிக் கோப்புகளை எடுக்க வேண்டும். நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் 2014 பிப்ரவரியில் ஏவிய ஜி.பி.எம். செயற்கைக்கோளை உரைகல்லாக வைத்து, பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் அளவுகளைக் கோத்துச் செய்வதுதான் ஐமெர்க். 0.1 பாகைக் கட்டம், அதாவது ஏறத்தாழ 11 கி.மீ. கிரீன்விச் 3 மணியில் தொடங்கி மறுநாள் 3 மணி வரை 48 கோப்புகள். ஒவ்வொன்றிலும் இருப்பது மணிக்கு எத்தனை மி.மீ. என்ற வேகம். அதனால் 48ஐயும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். வகுக்க மறந்தால் மழை இரட்டிப்பாகும். இன்னொரு கண்ணி: இந்தக் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றி வாசித்தால் அம்பாசமுத்திரம் என்று நினைத்து வேறு எங்கேயோ பெய்த மழையை எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவு செய்தும் மலையில் கணக்கு உதைக்கும். மணிமுத்தாறு அணையின் வெயிலுக்கும் மாஞ்சோலையின் மழைக்கும் இடையே ஒன்றிரண்டு கட்டம்கூட இல்லை. ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் சராசரி போட்டால் இரண்டுமே பொய். தென்மேற்குப் பருவத்தில் இன்னொரு தொல்லை. நிலத்தின் மேல் மைக்ரோவேவ் கருவி பெரும்பாலும் மழையை அடையாளம் காண்பது மேகத்தின் உச்சியிலுள்ள பனித்துகள்கள் அலையைச் சிதறடிப்பதை வைத்து. மலையில் மோதித் தாழ்வாகவே பெய்துவிடும் மேகத்தில் பனி அதிகம் இருக்காது. கீழே ஓடை பெருகி ஓடும், மேலே கருவி ‘லேசான மழை’ என்று எழுதும்.

இதைச் சரிசெய்யத் தரையில் ஒரு மழைமானி வேண்டும். ஐமெர்க் நாலு மணி நேரத்தில் ஒன்று, பதினாலு மணி நேரத்தில் ஒன்று, மூன்றரை மாதம் கழித்து ஒன்று என மூன்று பதிப்பாக வரும். கடைசிப் பதிப்பை ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் உள்ள உலக மழை மையம் 1989 முதல் சேர்த்துவரும் மழைமானித் தொகுப்போடு மாதவாரியாக ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். ஆய்வுக்குக் கடைசிப் பதிப்பை மட்டும் நம்புங்கள்; முதலிரண்டும் வெள்ள எச்சரிக்கைக்கு.

மழைமானி ஒன்றின் வாய் 200 சதுர செ.மீ.; ஐம்பதைச் சேர்த்து வைத்தால்தான் ஒரு சதுர மீட்டர். இன்னொரு வகை 100 சதுர செ.மீ. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுக் குவளை. பழையது உடைந்ததும் கைக்குக் கிடைத்த குவளையை வைத்து அளப்பது நாம் நினைப்பதைவிடச் சகஜம். 200 வாய்க்குரிய குவளையில் 10 மி.மீ. என்பது 200 மில்லி. அதே 200 மில்லி 100 வாய் மானியில் 20 மி.மீ. குவளை மாறினால் மழை பாதியாகும், அல்லது இரட்டிக்கும், அதுவும் வருடக்கணக்கில் ஒரே சீராக. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்து ஊர் மானியோடு மாதாந்திர மொத்தத்தை வகுத்துப் பாருங்கள். விகிதம் ஒரு மாதத்தில் சட்டென்று 2க்கோ 0.5க்கோ தாவியிருந்தால் குவளையைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது உள்ளே இருக்கும் பாட்டில். 95 செ.மீ. மழை 200 வாயில் விழுந்தால் 19 லிட்டர். பத்து லிட்டர் பாட்டில் 50 செ.மீ.யிலேயே நிரம்பிவிடும். வழிந்து அடிப்பாகத்தில் தேங்கியதையும் சேர்த்து அளக்காவிட்டால் சாதனை மழை சாதாரண மழையாகிவிடும். தானியங்கி மானியில் வேறு விதம்: சின்னக் கிண்ணம் நிரம்பிக் கவிழும்போது எண்ணும், பேய்மழையில் கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் வராது. புனலில் வேப்பிலையும் எறும்பும் அடைத்தால் நாலு மணி நேரக் கொட்டல் பத்து மணி நேரத் தூறலாகப் பதிவாகும்.

அளந்ததை அனுப்பும் குறியீட்டிலும் பொறி உண்டு. பழைய சினாப் முறையில் மழைக்கு மூன்று இலக்கம். 988 வரை மி.மீ.; 989 என்றால் ‘989 அல்லது மேலே’; 990 என்றால் அளக்க முடியாத துளி; 991 முதல் 999 வரை 0.1 முதல் 0.9 மி.மீ. வரை. ஆக 995 என்பது அரை மி.மீ. காயல்பட்டின மழை இன்னும் நாலைந்து செ.மீ. கூடியிருந்தால் இந்தக் குறியீட்டின் உச்சவரம்பையே தொட்டிருக்கும். அதுபோக ‘மழை நாள்’ என்றால் நமக்கு 2.5 மி.மீ., உலகப் பட்டியல்கள் பலவற்றில் 1 மி.மீ. சாரலடிக்கும் தென்காசிப் பக்கம் இந்த வித்தியாசம் வருடத்துக்குப் பல நாள்.

ஆற்றுக் கணக்கு இன்னும் கஷ்டம். மழை உள்ளிட்ட வானிலைத் தரவைப் பகிர 1995இலும், ஆற்றுத் தரவைப் பகிர 1999இலும் உலக வானிலை அமைப்பில் தீர்மானம் போட்டார்கள். 2021இல் எல்லாவற்றையும் ஒரே கொள்கையாக்கினார்கள். ஜெர்மனியின் கோப்லென்ஸில் 1988 முதல் ஆற்றுநீர் மையம் இருக்கிறது. ஆனாலும் ஆற்றுத் தரவை நாடுகள் மழைத் தரவைப் போல மனமுவந்து தருவதில்லை. நமக்கு அலகும் வேறு: அணையில் அடி, திறப்பில் கன அடி. 35.3 கன அடி ஒரு கன மீட்டர். அதைவிட முக்கியம், தாமிரபரணிக் கரையில் முறப்பநாட்டில் அளவுகோல் காட்டுவது உயரம் மட்டுமே; அதை ஓட்டமாக மாற்றும் வளைகோடு பெருவெள்ளத்துக்குப் பின் மணல் இடம் மாறியதும் செல்லாது. மறுபடி வேகம் அளந்து கோட்டைத் திருத்தும் வரை வரும் எண்களை ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத்தான் எழுத வேண்டும்.

குளங்களின் நீர்மட்டத்தை அளக்க ஸ்வாட் செயற்கைக்கோள் உண்டு. 2022 டிசம்பரில் அமெரிக்காவும் பிரான்சும் ஏவியது. 21 நாளில் அதே பாதைக்குத் திரும்பும். 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது பதினைந்து ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பைக் குறிவைத்தது. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிய குளத்தில் தடுமாறும். காற்றே இல்லாமல் கண்ணாடிபோலக் கிடக்கும் நீரும் அதன் ரேடாருக்கு இருட்டாகத் தெரியும். நிலத்தடி நீருக்கு கிரேஸ் என்பார்கள்; புவியீர்ப்பு மாறுவதை வைத்து நீரைக் கணக்கிடும் செயற்கைக்கோள் இணை, 2017இல் ஓய்ந்தபின் இப்போது அதன் வாரிசு கிரேஸ்-எஃப்.ஓ. அது ஒரே பார்வையில் பிரித்தறிவது ஏறத்தாழ 300 கி.மீ. நீள அகலமுள்ள பரப்பை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அது. ராதாபுரத்துக் கிணற்றைப் பற்றி அதனிடம் கேட்கக் கூடாது.

கடைசியாக, பதிவேட்டில் காலிக் கட்டம். ஞாயிறு யாரும் அளக்காமல் திங்கள் காலை இரண்டு நாள் நீரும் சேர்ந்திருந்தால், ஞாயிறுக்கு 0, திங்களுக்கு 84 என்று எழுதிவிடுகிறார்கள். 0 என்றால் மழை இல்லை என்று பொருள். அன்று அளக்கவே இல்லை என்பது ஆஃபன்பாக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஞாயிறுக்குக் கோடு போட்டு, திங்களுக்கு ‘இரண்டு நாள் மொத்தம் 84’ என்று எழுதினால் போதும்.