விஸ்கியில் ரெண்டு சொட்டு தண்ணி

ஸ்காட்ச் விஸ்கியில் தண்ணி ஊத்துறது பாவம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பீப்பாயில் ஊறும்போது 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும் ஆல்கஹாலை, பெரும்பாலும் தண்ணி சேர்த்து 40, 43னு இறக்கித்தான் பாட்டிலில் அடைக்கிறாங்க. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெண்டு பேர் இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. விஸ்கிக்குப் புகை வாசம் தரும் குவாயகோல், ஆல்கஹால் ரொம்பக் கூடினா உள்ளேயே அமுங்கிக் கிடக்குமாம். தண்ணி சேரச் சேர மேற்பரப்புக்கு வருமாம். மூக்கு முதலில் தேடுறது அங்கேதானே! ரெண்டு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் பொறுங்க, அவ்வளவுதான். ஆனா ஐஸ் வேண்டாம், குளிர்ந்தா வாசம் அடங்கிடும்.

மது தொடாதவங்களுக்கும் ஸ்காட்லாந்தில் ஒண்ணு இருக்கு: அயர்ன் புரூ. 1901இல் வந்த ஆரஞ்சு நிற சோடா. பேருக்கு ஏத்த மாதிரி அதில் 0.002 சதவீதம் இரும்பு உப்பு உண்டு. கோலாவுக்கு ஈடு கொடுத்து நிற்கும் உள்ளூர் பானம், அதனாலேயே எனக்கு அது மேல தனி மரியாதை. 2018இல் அதில் சர்க்கரையைப் பாதிக்கு மேல குறைச்சப்போ, ஜனங்க பழைய பாட்டில்களை வாங்கிப் பதுக்கி வச்சாங்க. பழகின ருசியை யாருதான் விடுவாங்க?